இடக்கை தூக்கிய பிள்ளை

எனக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கத் தெரியாதுன்னு எவனாச்சும் அப்ப என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, அவன உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன். எனக்குச் சொந்த ஊரு கன்னிவாடி. வெயில்ல வளந்தவ. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் அரசாங்க வேலை கெடச்சு, கொடைக்கானலுக்கு மேல மேல்மலைக் கிராமம் ஒண்ணுல கொண்டு போயிப் போட்டாங்க. ஊர்ப் பேரு வேண்டாம். அஞ்சாப்பு வரைக்கும் இருக்கிற பள்ளிக்கூடம். எச்.எம். சார் ஒருத்தரு, நான் ஒருத்தி, அம்புட்டுத்தான் ஆளு. சின்ன வகுப்பு மூணும் அவருக்கு, நாலாப்பும் அஞ்சாப்பும் எனக்கு. தூக்கத்துல தட்டி எழுப்பிக் கேட்டாலும் என் புள்ளைக பதினாறாம் வாய்ப்பாட்டக் கடகடன்னு சொல்லும். அந்தப் பக்கத்துல கணக்கு டீச்சர்னா என்னையத்தான் சொல்வாங்க. அந்தப் பேர்ல எனக்கு ஏகப்பட்ட மெதப்பு.

அஞ்சாப்புல ஒரு பொம்பளப் புள்ள. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் பூண்டுக் காட்டுலயும் கேரட் காட்டுலயும் கூலி வேலை. புள்ள அதிர்ந்து பேச மாட்டா. எதையாச்சும் கேட்டா எந்திரிச்சு நின்னு முழிப்பா. பக்கத்துல பத்துப் பேரு "டீச்சர், நானு டீச்சர், நானு"ன்னு குதிச்சுக்கிட்டு நிக்கிறப்ப நான் எதுக்கு அவளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கணும்? தாண்டிப் போயிருவேன். மக்குன்னு வாயால சொன்னதில்ல. மனசுக்குள்ள எழுதி ஒட்டி வச்சிருந்தேன்.

பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் அவ அப்பா பஸ் நிக்கிற எடத்துல என்னைய மறிச்சாரு. துண்ட எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, "டீச்சரம்மா, மகளுக்குப் படிப்பு வருமா? வருமுன்னு நீங்க சொன்னா ஆறாப்புக்குக் கொடைக்கானல்ல ஆஸ்டல் பாத்துச் சேத்துருவோம். இல்லாட்டி எங்களோட காட்டுக்கு வரட்டும்"னு கேட்டாரு. கூக்கால் பக்கமிருந்து பஸ்ஸு திரும்பிருச்சு. அத விட்டா மத்தியானம் வரைக்கும் வேற பஸ் கெடையாது. ஒரு காலப் படியில வச்சுக்கிட்டே, "மத்ததெல்லாம் பரவால்லங்க. கணக்குதான் சுத்தமா ஏறல. ரொம்ப ஆசை வச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். ஒரு புள்ளையோட படிப்ப நான் முடிச்சு வைக்க அம்புட்டு நேரம்தான் ஆச்சு. சீட்டு கெடச்சிருச்சுன்னு சந்தோசமா உக்காந்து போனேன்.

அந்தச் சமயத்துலதான் எங்க பக்கத்துக்கு லெசன் ஸ்டடி வந்துச்சு. ஜப்பான்ல வாத்தியார்ங்க செய்யிற ஒரு வேலை அது. நாலஞ்சு பேரு கூடி, ஒரே ஒரு பாடத்த வாரக்கணக்குல பேசிப் பேசித் தயார் பண்ணுவாங்களாம். அதுல ஒருத்தரு அத வகுப்புல நடத்துவாரு. மத்தவங்க சுத்தி நின்னு பாப்பாங்க. வாத்தியாரப் பாக்க மாட்டாங்க. புள்ளைகளப் பாப்பாங்க. எந்தப் புள்ள எங்க முட்டிக்கிட்டு நிக்கிது, எது எப்படி யோசிக்கிதுன்னு பாப்பாங்க. அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசி, பாடத்தத் திருத்தி, இன்னொருத்தரு வேற வகுப்புல நடத்துவாரு. கொற இருந்தா அது பாடத்தோட கொற, நடத்துனவங்களோட கொற இல்ல. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது சென்னையில இருந்து வந்த ஒரு மேடம். ஜப்பானுக்கே போயிப் பாத்துட்டு வந்தவங்க. கொடைக்கானல்ல ஒரு பள்ளிக்கூடத்துல ரூம் கேட்டு வாங்கி, மேல்மலையில கணக்கு எடுக்கிற எங்களையெல்லாம் சனிக்கெழமைகள்ல வரச் சொல்லி உக்கார வச்சாங்க.

நாங்க ஒருத்தரும் நம்பல. ஒருத்தி பாடம் நடத்த, பத்துப் பேரு சுத்தி நின்னு பாத்தா அதுக்கு எங்க ஊர்ல பேரு இன்ஸ்பெக்ஷன். ஜப்பான் பேரு வச்சாலும் இன்ஸ்பெக்ஷன்தான். "ஏன் மேடம், அவுங்க ஊர்ல ஏ.இ.ஓ.வே கெடையாதா?"ன்னு ஒரு சார் கேட்டாரு. எங்க பள்ளிக்கூடங்களச் சோதிக்க வர்ற ஆபீசரத்தான் சொன்னாரு. ரூமே சிரிச்சுச்சு. மேடமும் கூடச் சேந்து சிரிச்சாங்க. நல்ல மனுசி. எங்களுக்காக டீயும் வர்க்கியும் அவுங்க கைக்காசுலதான் வாங்கி வைப்பாங்க.

பாடம் பரப்பளவு. ஒரு தோட்டத்துப் படம். நேரான செவ்வகமா இல்லாம, இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி மடங்கி இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் எத்தன மீட்டர்னு போட்டிருக்கும். மொத்தப் பரப்பளவு என்ன? வழிய நாம சொல்லக் கூடாது, புள்ளைகளாத்தான் தேடணும். பாடத்திட்டத் தாள்ல ஒரு பக்கம் நாம கேக்கப் போற கேள்வி. அதுக்கு எதுத்தாப்புல, புள்ளைக எப்படியெல்லாம் யோசிக்கக் கூடும்னு நாமளே முன்கூட்டி யோசிச்சு எழுத ஒரு கட்டம். "இந்தக் கட்டம்தான் உயிர். இதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல"ன்னாங்க மேடம்.

எங்களுக்கு அதுல எழுத ஒண்ணுமே தோணல. "நாம சொல்லிக் குடுத்த மாதிரி செய்யும், வேற எப்படிச் செய்யும்?"னு ஒருத்தரு கேட்டதுக்கு எல்லாரும் தலையாட்டுனோம். தோட்டத்த ரெண்டு செவ்வகமா வெட்டு, தனித்தனியாப் பெருக்கு, கூட்டு. அத எழுதிட்டு டீ குடிக்கப் போகலாம்னு எந்திரிச்சோம். அப்பத்தான் கிளாவரையில இருந்து வர்ற சார் வாயத் தொறந்தாரு. கேரளா பார்டரு ஓரத்துல கெடக்கிற ஊரு அது. வெள்ளனே கெளம்பி வந்துருவாரு, அதிகம் பேச மாட்டாரு. "முழுத் தோட்டம்னு நெனச்சுக்கிட்டு, இல்லாத மூலைய மட்டும் கழிச்சாலும் வருமேங்க. ஏதாச்சும் ஒரு புள்ள அப்படி யோசிக்கலாம்ல"ன்னாரு.

"அட போங்க சார்"னேன் நான். "இல்லாத எடத்தக் கழிக்கிறதெல்லாம் பெரிய வகுப்புச் சோலி. என் புள்ளைகள எனக்குத் தெரியாதா? அதெல்லாம் ஓடாது." அவரு சிரிச்சுக்கிட்டு விட்டுட்டாரு. கட்டத்துல ஒத்த வழிதான் ஏறுச்சு.

யாரு நடத்துறதுன்னு கேட்டதும் அத்தன பேரும் சன்னலுக்கு வெளிய மேகத்தப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு டீச்சருக்குத் தொண்டை கட்டிருச்சு, ஒரு சாருக்குத் திடீர்னு ஊர்ல விசேசம் வந்துருச்சு. நான் எந்திரிச்சு, "என் வகுப்புலயே நடத்துறேன், எல்லாரும் வாங்க"ன்னேன். தைரியம்னு மத்தவங்க நெனச்சாங்க. தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல, பவுசு. என் புள்ளைகளப் பாத்து இவுங்க வாயப் பொளக்கணும்னு ஆசை.

பாடத்துக்கு மொத நாளு கடைசிப் பேச்சுக்குன்னு நான் கொடைக்கானல் போயிட்டேன். என் வகுப்பையும் எச்.எம். சார்தான் சேத்துப் பாத்துக்கிட்டாரு. என் மேசையில பாடத்திட்டத் தாள் ஒண்ணு கெடந்துச்சு. எடுத்துப் படிச்சிருக்காரு. கேள்விக்கு எதுத்தாப்புலயே பதிலும் எழுதியிருக்கு. பதிலு எழுதியிருந்தா அது எதுக்கு? எங்களுக்குத் தெரிஞ்சு மனப்பாடம் பண்ணத்தான். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அத்தன புள்ளையையும் அதையே சொல்ல வச்சு உரு ஏத்திட்டாரு. மறுநாள் என்னையப் பாத்ததும், "கவலையே படாதீங்க டீச்சர், புள்ளைகள ரெடி பண்ணி வச்சிருக்கேன்"னு சொன்னாரு. தலைக்கு எண்ண வச்சு, ஸ்வெட்டர் பொத்தான் போட்டு, பளிச்சுன்னு உக்காந்திருந்துச்சுக. நானும் அதத்தான் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

இங்க ஒரு விசயம் சொல்லியாகணும். எங்க பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல ஒரு பழக்கம் உண்டு. ஆபீசரு வந்தா, கேள்வி கேட்டதும் எல்லாப் புள்ளையும் கையத் தூக்கணும். பதிலு தெரிஞ்ச புள்ள வலது கை. தெரியாத புள்ள எடது கை. நாங்க வலது கையாப் பாத்து எழுப்பி விடுவோம். பாக்குற ஆபீசருக்கு மொத்த வகுப்பும் கையத் தூக்கிக்கிட்டு இருக்கும். நான் படிச்ச காலத்துலயும் இதுதான், நான் டீச்சரானப்பவும் இதுதான். வீட்டுக்கு ஆளு வர்றப்ப கிழிஞ்ச பாயச் சுருட்டி உள்ள வைக்கிறோம்ல, அந்த மாதிரி. தப்புன்னு ஒரு நாளும் எனக்குத் தோணுனதில்ல.

பாடம் ஆரம்பிச்சுச்சு. வந்த டீச்சருங்க ஆளுக்கு ரெண்டு மூணு புள்ளையப் பாக்குறதுன்னு பிரிச்சுக்கிட்டு சுவரோரமா நின்னாங்க. கிளாவரை சார் மூணாவது பெஞ்சுப் பக்கம், அந்த இலங்கைக் குடும்பத்துப் புள்ளைகிட்ட. ஆளுக்கொரு வெள்ளத் தாள் குடுத்துட்டு, படத்தப் பலகையில ஒட்டி, "இந்தத் தோட்டத்தோட பரப்பளவ எப்படிக் கண்டுபிடிக்கலாம்? நல்லா யோசிச்சு..."ன்னு சொல்லி வாய மூடல. மொத்த வகுப்பும் கையத் தூக்கிருச்சுன்னுதான் நெனச்சேன். ஒண்ணுகூடப் படத்த முழுசாப் பாத்த மாதிரி எனக்குத் தெரியல. பாதிக் கை வலது. பாதிக் கை எடது.

எனக்குக் குபீர்னு வேர்த்துச்சு. அந்தக் குளிர்ல வேர்த்துச்சு. நிமிந்து பாத்தா, சுவரோரம் நின்ன டீச்சருங்க ஒருத்தரு ஒருத்தராத் தலையக் குனியிறாங்க. அவுங்க அத்தன பேரு பள்ளிக்கூடத்துலயும் இதே கைதான? பாத்த மாத்திரத்துல தெரிஞ்சு போச்சு. தெரியாதது மேடம் ஒருத்தருக்குத்தான். அவுங்க மூஞ்சி பூரிச்சுப் போயி, கேமராவ எடுத்துப் படம் புடிச்சுக்கிட்டு இருக்காங்க.

அந்த எடத்துலயாச்சும் எனக்குப் புத்தி வந்திருக்கணும். "கையக் கீழ போடுங்க, மொதல்ல படத்தப் பாருங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல. வெக்கத்துல எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல, ஆனா என் கண்ணு பாட்டுக்கு வலது கையத் தேடிப் போயிருச்சு. எழுப்பி விட்டேன். "டீச்சர், தோட்டத்த ரெண்டு செவ்வகமாப் பிரிக்கணும் டீச்சர். அஞ்சு பத்து அம்பது, மூவாறு பதினெட்டு, மொத்தம் அறுபத்தெட்டு சதுர மீட்டர்"னு ஒருத்தன் மூச்சு விடாம ஒப்பிச்சான். அடுத்தவளும் அதையே சொன்னா, அதே ராகத்துல. அடுத்தவனும் அதேதான். "வேற யாரு?"ன்னு கேக்கக் கேக்க, மூணாவது பெஞ்சுல அந்தப் புள்ளையோட எடது கை தூக்குன மேனிக்கே நின்னுச்சு. நான் அவளத் தாண்டிப் போனேன். ஒரு மணி நேரத்துக்குப் போட்ட பாடம் டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

புள்ளைகளச் சாப்பாட்டுக்கு அனுப்பிட்டு, எல்லாரும் வட்டமா உக்காந்தோம். நடத்துனவங்கதான் மொதல்ல பேசணும், அது முறை. "நல்லாப் போச்சுன்னு நெனக்கிறேன்"னேன். மேடம் என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "டீச்சர், ஒரு குழந்தைகூடக் கை தூக்காம இருக்கல. நான் எத்தனையோ ஊர் வகுப்பு பாத்துட்டேன், இப்படிப் பாத்ததே இல்ல. இந்தப் படத்தத்தான் இனிமே போற எடமெல்லாம் காட்டப் போறேன்"னாங்க. அந்தக் கைய உருவிக்கிட்டு ஓடிரலாமான்னு இருந்துச்சு எனக்கு. மத்த டீச்சருங்க, "ஆமாங்க, நல்லா இருந்துச்சுங்க"ன்னு தரையப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

கிளாவரை சார் முறை வந்துச்சு. "நான் பாத்தத மட்டும் சொல்றேங்க"ன்னு ஆரம்பிச்சாரு. "மூணாவது பெஞ்சுல ஒரு பாப்பா. மத்ததுக கையத் தூக்குனப்ப அது படத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. வெரலால காத்துல ஒரு கோடு போட்டுச்சு. அப்புறம் தாள்ல முழுச் செவ்வகமா வரஞ்சுச்சு. எட்டுப் பத்து எம்பது, அதுல மூலைக்குப் பன்னெண்டு கழிச்சு அறுபத்தெட்டுன்னு எழுதுச்சு. யாரும் சொல்லிக் குடுத்த வழி இல்லீங்க அது, அதுவா யோசிச்சது. எழுதி முடிச்சுட்டு எடது கையத் தூக்குச்சுங்க. கடைசி வரைக்கும் தூக்கிக்கிட்டே இருந்துச்சு. கூப்புடல."

"எடது கைன்னு ஏன் தனியாச் சொல்றீங்க சார்?"னு மேடம் கேட்டாங்க.

எச்.எம். சார் கதவோரமா நின்னுக்கிட்டுச் சட்டைப் பொத்தானத் திருகிக்கிட்டு இருந்தாரு. வகுப்பு என்னோடது, நான்தான் சொல்லணும். சொன்னேன். வலது கைன்னா என்ன, எடது கைன்னா என்ன, நேத்து என்ன நடந்திருக்கும், இன்னைக்கு நான் யார யாரக் கூப்புட்டேன், எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்லக் காது சுட்டுச்சு. மேடம் திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். திட்டல. கேமராவப் பையில வச்சு மூடுனாங்க. "வெளியாளு முன்னாடி நம்ம புள்ளைக அசிங்கப்பட்டுறக் கூடாது, டீச்சருக்குப் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் மேடம் செஞ்சேன்"னு எச்.எம். சார் சொன்னாரு. எனக்காகச் செஞ்சிருக்காரு. அவரு மேல எப்படிக் கோவப்படுறது?

கோவம் வராம இல்ல. கிளாவரை சார் மேல வந்துச்சு. பாத்தத மட்டும் சொல்றேன்னு சொல்லி மானத்த வாங்கிட்டாரே மனுசன்னு பல்லக் கடிச்சேன். ஆனா அவரு சொன்ன கடைசிப் பேச்சு காதுலயே நின்னுச்சு. எழுதி முடிச்சுட்டு எடது கையத் தூக்குச்சு. பதிலு சரியா வந்த பெறகு ஏன் எடது கை? எந்திரிச்சு வெளிய போனேன்.

புள்ள குழாயடியில சத்துணவுத் தட்டக் கழுவிக்கிட்டு இருந்தா. பக்கத்துல குத்த வச்சு உக்காந்து கேட்டேன். "ஏத்தா, உனக்குத்தான் விடை வந்துருச்சுல்ல. அப்புறம் ஏன் எடது கையத் தூக்குன?"

தட்டக் கழுவுறத நிறுத்தல. "விடை தெரியும் டீச்சர். ஆனா சார் சொல்லிக் குடுத்த மாதிரி எனக்கு வரல. அப்படி வரலைன்னா தெரியாதுன்னுதானே டீச்சர்?"

"அப்படின்னு யாரு சொன்னது?"

"நாலாப்புல நீங்க எனக்குத் தப்புப் போட்டீங்கள்ல டீச்சர். விடை சரி, வழி வேறன்னு."

எனக்கு ஞாபகம்கூட இல்ல. எத்தன நோட்டுத் திருத்தியிருப்பேன், செவப்பு மையில எத்தன தப்புப் போட்டிருப்பேன். அதுல ஒண்ணு அவ மனசுல போயித் தங்கிருச்சு. நான் கேள்வி கேக்குறப்பல்லாம் எந்திரிச்சு நின்னு முழிச்சாளே, தெரியாம முழிக்கல. தன் வழியச் சொல்லலாமா கூடாதான்னு தெரியாம முழிச்சிருக்கா. ரெண்டு வருசமா என் வகுப்புல உக்காந்திருந்த புள்ளைய, கொஞ்ச நேரம் பக்கத்துல நின்ன மனுசன் பாத்துட்டாரு, நான் பாக்கல. சீ, நானும் ஒரு டீச்சரான்னு இருந்துச்சு. சேலைத் தலப்பால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு உள்ள போயி, அவ சொன்னத அப்படியே எல்லாருக்கும் சொன்னேன். பாடத்தத் திருத்தி கிளாவரையில அந்த சாரே நடத்துறதுன்னு மட்டும் முடிவாச்சு.

நான் அந்த ஊர்லயேதான் ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். சாயங்காலம் நேரா அவ வீட்டுக்குப் போனேன். ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடுக. அவுங்க இன்னும் அத லயம்னுதான் சொல்வாங்க. அம்மாக்காரி அடுப்பப் பத்த வச்சுக்கிட்டு இருந்தாங்க. "வாங்க டீச்சரம்மா"ன்னு அப்பா ஸ்டூல இழுத்துப் போட்டாரு. உக்கார மனசு வரல. "அன்னைக்கு பஸ் ஏறுறப்ப நான் தப்பாச் சொல்லிட்டேங்க. உங்க புள்ளைக்குக் கணக்கு நல்லா வருது. எங்களவிட நல்லா யோசிக்கிறா. தயவுசெஞ்சு ஆஸ்டல்ல சேருங்க, நானே கூட வர்றேன்"னு நின்னுக்கிட்டே சொன்னேன்.

அவரு பொண்டாட்டியப் பாத்தாரு. "அன்னைக்கே மகள்கிட்டச் சொல்லிட்டோமே டீச்சரம்மா, டீச்சரு படிப்பு வராதுன்னுட்டாங்கன்னு. ஆறாப்புக்குன்னு சேத்து வச்சிருந்த கொப்பியெல்லாம் தம்பிக்குத் தூக்கிக் குடுத்துட்டா"ன்னாரு. கொப்பின்னு அவரு சொன்னது நோட்டு. குத்திக்காட்டல, நடந்ததச் சொன்னாரு, அவ்வளவுதான். "சேத்து விடுறோம் டீச்சரம்மா, அதுக்கென்ன. ஆனா நாங்க இப்ப மாத்திச் சொன்னா அவ நம்ப மாட்டா. உங்க பேச்சத்தான் நம்புவா. நீங்களே சொல்லிருங்க."

கூப்புட்டாரு. தண்ணிக் கொடத்த எறக்கி வச்சுட்டு உள்ள வந்தா. என்னையப் பாத்ததும் வகுப்புல நிக்கிற மாதிரியே கையக் கட்டிக்கிட்டு நின்னா, சொந்த வீட்டுல. "உக்காரு தாயி"ன்னேன். உக்காரல. "உனக்குக் கணக்கு ரொம்ப நல்லா வருது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நீ ஆறாப்பு போற, சரியா?"ன்னேன். சிரிப்பாளா, அழுவாளா, ஏன் டீச்சர் அப்ப அப்படிச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்த கேப்பாளான்னு அவ மூஞ்சியவே பாத்தேன்.

"சரிங்க டீச்சர்"னா. கணக்கு வராதுன்னு நான் சொல்லியிருந்தாலும் இதே கொரல்ல இதத்தான் சொல்லியிருப்பா.